வெற்றி மேடையிலிருந்து இறங்கிய பின்

லிங்கநகரின் வைகறை அமைதியானது. துறைமுகப் பக்கத்திலிருந்து வரும் உப்புக் காற்று முகத்திற் படும். மீன் விற்போரின் குரல் ஒழுங்கைதோறும் கேட்கும். அவ்வேளையில், பாடசாலை மணி அடிப்பதற்கு முன்னரே, பயிற்சிக்காக ஓடிச் செல்லும் பெண்பிள்ளைகள் இரண்டொருவரைக் காண்பதுண்டு. பின்னிக் கட்டிய கூந்தல் தோளில் அலைய, எவரையும் ஏறிட்டு நோக்காது அவர்கள் ஓடுவர். அவர்களைக் காணுந்தோறும் என் நெஞ்சில் மகிழ்ச்சியும் ஓர் உறுத்தலும் ஒருங்கே எழும். மகிழ்ச்சிக்குக் காரணம் கூற வேண்டுவதில்லை. உறுத்தலுக்குக் காரணம் கூறவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் யான் கற்பித்த பாடசாலையொன்றில் மாணவி ஒருத்தி இருந்தாள். பெயர் வேண்டா. எண்ணூறு மீற்றர் ஓட்டத்தில் அவளை முந்துவோர் எங்கள் வலயத்தில் இலர். இல்ல விளையாட்டுப் போட்டியில் தொடங்கிக் கோட்டம், வலயம், மாகாணம் எனப் படிப்படியாக ஏறினாள். அவள் பரிசோடு திரும்பிய மறுநாட் காலைக் கூட்டத்தில் அவளை மேடையேற்றி மாலை சூட்டினோம். எண்சீர் விருத்தத்தில் வாழ்த்துப்பா இயற்றிப் படித்தவன் யானே. மான் என்றேன், மின்னல் என்றேன், வளி என்றேன். சீரிலும் மோனையிலும் பிழையில்லை. மாணவர் கைதட்டினர்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் மாலைப் பயிற்சியின்போது அப்பிள்ளை மயங்கி விழுந்தாள். நீர் தெளித்து எழுப்பி, மரநிழலில் இருத்திய பின், "காலமை என்ன பிள்ளை சாப்பிட்டனீ?" என்று வினவினேன்.

"தேத்தண்ணி குடிச்சனான், சேர்."

"மத்தியானம்?"

அவள் தலை குனிந்தாள். மானென்றும் மின்னலென்றும் பாடிய எனக்கு, இவள் உண்டாளோ என்று கேட்பதற்கு மூன்று மாதம் சென்றது. அதுவும் அவள் விழுந்த பின்னரே கேட்டேன். அன்று தொட்டு ஆசிரியர் சிலர் முறைவைத்து அவளுக்கு மதிய உணவு கொணர்ந்தோம். ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. எஞ்சியதைக் கட்டுரையின் இறுதியிற் கூறுவேன்.

ஆடற்குரிய பருவம்

பெண்பிள்ளை ஓடுவதும் ஆடுவதும் மேனாட்டார் கொணர்ந்த வழக்கம் என்று கருதுவார் இன்றும் உளர். தமிழிலக்கியம் பயின்றோர் அவ்வாறு கூறார். சங்கப் பாடல்களில் வரும் இளமகளிர் பந்தெறிகின்றனர், கழங்காடுகின்றனர், கடற்கரை மணலில் வண்டல் இழைக்கின்றனர், ஊசலாடுகின்றனர், புதுப்புனலிற் பாய்ந்து நீந்துகின்றனர். பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் கண்டோரும் பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களை அம்மானை, நீராடல், ஊசல் என வகுத்தனர். குழந்தை வளர்ந்துவிட்டாள் என்பதற்கு அவர்கள் கண்ட அடையாளம் விளையாட்டே அன்றோ?

மகளிர் பருவத்தை ஏழாக வகுத்த பாட்டியலார் பன்னிரண்டு, பதின்மூன்று வயதினளை மங்கை என்றனர்; பதினான்கு முதற் பத்தொன்பது வரையுள்ளவளை மடந்தை என்றனர். நம் பாடசாலைகளில் ஏழாந் தரத்திலிருந்து உயர்தர வகுப்புவரை பயிலும் பெண்பிள்ளைகள் இவ்விரு பருவத்தினரே. மங்கையாக ஓடத் தொடங்கியவர்களிற் பலர் மடந்தையாகு முன்னரே ஓட்டத்தை விட்டுவிடுகின்றனர். ஆசிரியர் எவரும் இதனைத் தம் கண்முன் கண்டிருப்பர்.

இங்கே நம் சமூகத்தின் முரண் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பிள்ளை பூப்பெய்தினால் உழுந்துக்களி கிண்டிக் கொடுப்பர். நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டுவர். வளரும் எலும்புக்கும் இழக்கும் குருதிக்கும் வலுவான உணவு வேண்டும் என்பதை நம் பாட்டிமார் எந்தக் கல்லூரியிலும் கல்லாமலே அறிந்திருந்தனர். ஆனால் அதே வாரத்தில், "இனி ஓட்டம் பாட்டமெல்லாம் வேண்டாம்" என்று காலுக்கு வேலியும் இட்டனர். ஊட்டியது அறிவு, தடுத்தது அச்சம். அறிவை நாம் கைவிட்டோம். சடங்குக்குப் பந்தலும் படப்பிடிப்பும் வந்தன; களி மறைந்து போயிற்று. அச்சத்தை மட்டும் காத்து வைத்திருக்கிறோம்.

இவ்வச்சம் நமக்கு மாத்திரம் உரியதன்று. 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்கள் எண்ணூறு மீற்றர் ஓடினர். ஜேர்மனியைச் சேர்ந்த லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 செக்கனில் ஓடி முதலிடம் பெற்றார். ஓடி முடித்தவர்களிற் சிலர் களைத்துத் தரையிற் கிடந்ததைக் கண்ட பத்திரிகையாளர் பெண்கள் குவியலாக மயங்கி வீழ்ந்தனர் என மிகைபட எழுதினர். அன்றைய திரைப்படப் பதிவு அக்கூற்றுக்குத் துணை நிற்கவில்லை. ஆயினும் அவ்வோட்டம் பெண்களுக்கு ஆகாதென நீக்கப்பட்டு, 1960இல் ரோம் நகரிலேதான் மீண்டும் இடம் பெற்றது. களைத்து இளைப்பாறிய பெண்ணைக் கண்டு உலகம் முப்பத்திரண்டு ஆண்டுகள் கதவடைத்தது. களைத்தவளுக்கு நீர் கொடுப்பதும் நிழல் கொடுப்பதும் பரிவு. அவளை ஓடாதே என்பது பரிவின் வேடம் பூண்ட வேறொன்று.

கத்தக்குறிச்சியின் கதை

இதே எண்ணூறு மீற்றர் ஓட்டத்தாற் புகழும் துயரும் ஒருங்கே பெற்றவர் தமிழ்ப்பெண் ஒருவர். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள கத்தக்குறிச்சி என்னும் சிற்றூரில் 1981இற் பிறந்த சாந்தி சௌந்தரராஜனே அவர். பெற்றோர் செங்கற்சூளையிற் கூலிவேலை செய்தோர். ஒடுக்கப்பட்ட குலத்தில், வறிய குடிலிற் பிறந்த அச்சிறுமிக்கு வீட்டின் முன்னுள்ள மண்தரையில் ஓடப் பழக்கியவர் பாட்டனார். அயலிலுள்ள உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுப் பயிற்றுநர் அவர் ஓட்டத்தைக் கண்டு தம் பள்ளியிற் சேர்த்துக் கொண்டார். பள்ளி கட்டணம் கேளாது கற்பித்தது, சீருடை தந்தது, சூடான மதிய உணவும் தந்தது. நாளொன்றுக்கு மூவேளை உண்ணும் வாழ்வு சாந்திக்குக் கிட்டியது அதன் பின்னரே.

இச்செய்தியில் ஆசிரியர்கள் சற்றுத் தங்கி எண்ண வேண்டும். அப்பயிற்றுநர் முதலிற் செய்தது பயிற்சி அட்டவணை எழுதியதன்று. பிள்ளையின் வயிற்றை நிரப்பினார். அதன் பின் கால்கள் தம் தொழிலைச் செய்தன. சாந்தி 2005இல் தென்கொரியாவின் இன்சியோனில் நடைபெற்ற ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 2006 ஓகஸ்டில் நம் கொழும்பு நகரில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவிலும் பதக்கங்கள் பெற்றார். அவ்வாண்டு டிசெம்பரில் டோகாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2 நிமிடம் 3.16 செக்கனில் ஓடி, மூன்றாவதாக வந்தவரை ஒரு செக்கனின் நூற்றில் மூன்று பங்கு நேரத்தால் முந்தி வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

பின்னர் நிகழ்ந்தது உலகறியும். பாற்சோதனை ஒன்று நடத்தப்பட்டது. அவர் அதில் தேறவில்லை எனக் கூறிப் பதக்கம் பறிக்கப்பட்டது. சாந்தி ஊக்கமருந்து உண்டவரல்லர், எவரையும் ஏமாற்றியவரல்லர். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, இயற்கை தந்த உடலோடு ஓடியவர். ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய அந்தரங்கமான செய்தி தெருவெங்கும் பேச்சாயிற்று. நேற்று வரை மாலை சூட்டிய கைகளிற் பல பின்வாங்கின. 2007இல் அவர் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார் என்னும் செய்தி வந்தபோது, அவரைப் பாராட்டிப் பேசியோர் எங்கிருந்தனர்? பின்னொரு காலத்தில் அவர் பெற்றோரைப்போலச் செங்கற்சூளையிற் கூலிவேலைக்குச் சென்றார்.

எனினும் அவர் வீழ்ந்தே கிடந்தாரல்லர். தமிழ்நாட்டு அரசு அளித்த 15 இலட்சம் ரூபாய்ப் பரிசின் துணைகொண்டு தம் மாவட்டத்துச் சிறுவருக்கு ஓட்டப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். பின்னர்ப் பயிற்றுநருக்கான பட்டயம் பெற்று, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநராகப் பணியேற்றார். தமக்கு மறுக்கப்பட்ட தடத்தில் பிறரை ஓடவிடுவதற்கு எத்துணைப் பெரிய உள்ளம் வேண்டும்!

பாற்சோதனை பற்றிய விதிகள் இன்னும் மாறிக்கொண்டே வருகின்றன. இந்திய ஓட்ட வீராங்கனை டுட்டி சந்த் தொடுத்த வழக்கில் 2015ஆம் ஆண்டு விளையாட்டு நடுவர் மன்றம் அன்றைய விதியை இடைநிறுத்தியது. 2025 செப்ரெம்பர் முதல் உலக மெய்வல்லுநர் சங்கம் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியுள்ளது. இவ்விதிகளின் சரி பிழைகளை ஆராய்வது ஈண்டு என் நோக்கமன்று. பள்ளி ஆசிரியராகிய நமக்கு இதிலுள்ள பாடம் வேறு. பிள்ளையின் உடல் பற்றிய செய்தி பிள்ளைக்கும் அவள் பெற்றோருக்கும் மருத்துவருக்கும் உரியது. ஆசிரியர் அறையிற் பேசுதற்கும் ஊரார் வாயில் உலவுதற்கும் உரியதன்று. முகத்தின் வடிவையோ தசையின் திரட்சியையோ குரலையோ சுட்டி, "இவள் ஆண்பிள்ளை மாதிரி" என்று வேடிக்கையாகச் சொல்லும் சொல்லும் சோதனைக் கூடத்துக் கத்தியைவிடக் கூரியது.

ஏளனமும் ஏற்றமும்

அச்சொல்லின் கூர்மையை நம் நாட்டு வீராங்கனை ஒருவரும் அறிவார். யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் இரண்டு மீற்றருக்கும் மேற்பட்ட உயரமுடையவர். அவ்வுயரத்தின் பொருட்டு இளமையிற் கேலிக்கு ஆளானதைப் பேட்டிகளிற் கூறியிருக்கிறார். கூனிக் குறுகி நடந்திருக்கவேண்டிய பிள்ளை வலைப்பந்தாட்டக் களத்தில் நிமிர்ந்து நின்றார். 2009, 2018 ஆகிய ஆண்டுகளில் இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது வளையத்தின் கீழ் நின்று பந்தை இட்டவர் அவரே. 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகக் கிண்ணத் தொடரில் உலகின் சிறந்த பந்தெறிவாளருள் ஒருவராக மதிக்கப்பட்டார். ஒரே உயரம் ஒழுங்கையில் ஏளனமாகவும் களத்தில் வலிமையாகவும் ஆயிற்று. இடையே நின்று வேற்றுமை செய்தது, "வா பிள்ளை, இந்தா பந்து" என்று எவரோ சொன்ன ஒரு சொல்லாகவே இருந்திருக்கும்.

சுசந்திகா ஜயசிங்கவின் பெயரை நம் நாட்டில் அறியாதார் யார்? கிராமத்து ஏழைக் குடும்பத்திற் பிறந்து, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இருநூறு மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். முதலிடம் பெற்ற அமெரிக்க வீராங்கனை ஊக்கமருந்து உட்கொண்டதை 2007இல் ஒப்புக்கொண்ட பின், சுசந்திகாவின் பதக்கம் வெள்ளியாக உயர்ந்தது. 1948இல் டங்கன் வைற் வென்ற வெள்ளிக்குப் பின் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுக்காக இந்நாடு 52 ஆண்டுகள் காத்திருந்தது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பழைய மாணவி அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைப் பன்முறை புதுப்பித்தார். போரும் இடம்பெயர்வும் கண்ட மண்ணிலிருந்து ஒரு பெண் கோலை ஊன்றி மேலெழுந்தாள் என்றால், அவளுக்குப் பின்னே ஒரு பாடசாலையும் ஒரு பயிற்றுநரும் சலியாது நின்றனர் என்பதே பொருள்.

உணவும் உடலும்

இனி, பாடசாலை அறிந்திருக்க வேண்டிய உடற்செய்திகள் சில உள. இவை மருத்துவர் ஆய்ந்து நிறுவியவை.

கடும் பயிற்சி செய்யும் பிள்ளை தான் செலவிடும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாவிடின், உடல் சிக்கனம் செய்யத் தொடங்கும். மாதவிடாய் தவறும்; சில வேளை நின்றே போகும். எலும்பு வலுவிழந்து சிறு வெடிப்புகள் தோன்றும். குறைந்த ஆற்றல், மாதவிடாய்க் குழப்பம், எலும்புத் தேய்வு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை 1990களிலேயே விளையாட்டு மருத்துவர் எடுத்துக் கூறினர். 2014இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு இதனை விரித்து, இக்குறைபாடு இதயம், நோயெதிர்ப்பு, மனநிலை எனப் பலவற்றையும் தாக்கும் என அறிவித்தது. "மாதவிடாய் நின்றது நல்லதாய்ப் போயிற்று; போட்டிக்குத் தொல்லையில்லை" என்று மகிழும் பிள்ளையும், அதற்குத் தலையசைக்கும் பயிற்றுநரும் உள்ளனர். அது நற்செய்தியன்று, உடல் அடிக்கும் அபாய மணி. எலும்பு தன் வலிமையின் பெரும்பகுதியைச் சேர்த்து வைப்பது இப்பருவத்திலேயே. இன்று இழந்ததை முப்பது வயதிற் கடையில் வாங்கவியலாது.

மாதந்தோறும் குருதி இழக்கும் வளரிளம் பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைவு எளிதில் வரும். பிள்ளை சோம்பேறியாகிவிட்டாள் என்று நாம் கடிந்து கொள்வோம். அவள் குருதியோ சோகையுற்றிருக்கும். இதற்கு விலையுயர்ந்த மாவுப் பேணிகள் வேண்டுவதில்லை. முருங்கைக்கீரை, பயறு, கௌபி, உழுந்து, முட்டை, நம் கரையிற் பிடிபடும் சூடையும் கீரியும் நெத்தலியும் போதியன. கீரையோடும் பருப்போடும் எலுமிச்சம்புளியோ நெல்லியோ சேர்ந்தால் இரும்பு உடலிற் நன்கு சேரும். உணவோடு ஒட்டிக் குடிக்கும் தேநீர் அதனைத் தடுக்கும். வெறுந்தேநீரோடு பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கு இரட்டை நட்டம்: உணவும் இல்லை, உள்ள இரும்பும் சேர்வதில்லை. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி உணவைப் பற்றியதே என்பதை மாணவருக்குப் பொருள் சொல்லும் நாம், மைதானத்தின் ஓரத்தில் மறந்துவிடலாமா?

பந்தாட்டங்களில் குதித்துத் திரும்பும்போது முழங்காலின் உட்தசைநார் அறுபடுவது ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு அதிகம். பயிற்சிக்கு முன் கால்மணி நேரம் முறையாக உடலைச் சூடாக்கி, குதித்து இறங்கும் விதத்தைப் பழக்கினால் இவ்வாபத்துக் குறையும் என ஆய்வுகள் காட்டுகின்றன. இதற்குப் பணம் வேண்டா, பொறுமை வேண்டும். எம்மாவட்டத்தில் ஆனி, ஆடியிற் கச்சான் காற்று நெருப்பாய் வீசும் காலத்தில் நண்பகற் பயிற்சியை முற்றாகத் தவிர்க்க வேண்டும். குடிநீர்க் கலன் ஒன்றும் நிழல்தரும் வேம்பு ஒன்றும் விளையாட்டுக் கருவிகளே என எண்ணுதல் நன்று.

இன்னும் ஒன்று. மாற்றுடை அணியத் தாழிட்ட அறையும், நீருள்ள கழிப்பறையும் இல்லாத இடத்தில் எந்தப் பிள்ளை மாதம் முழுதும் பயிற்சிக்கு வருவாள்? 2024ஆம் ஆண்டு கல்வி அமைச்சு வறிய பாடசாலைகளின் மாணவியருக்குச் சுகாதாரத் துவாய் பெறுவதற்குப் பற்றுச்சீட்டு வழங்கியது. வெட்கத்தின் திரைக்குப் பின்னே கிடந்த தேவை அரசின் ஏட்டில் ஏறியது நன்று. பாடசாலையின் முதலுதவிப் பெட்டியிலும் அது ஏற வேண்டும். பிள்ளை எவரையும் கேளாமல் எடுத்துக்கொள்ளும் இடத்தில் இருக்க வேண்டும்.

காவலும் மனமும்

பயிற்றுநர் குரு. ஆயினும் குருவென்பதனாற் கேள்விக்கு அப்பாற்பட்டவர் அல்லர். ஐக்கிய அமெரிக்காவில் உடற்சாகசப் பெண்களுக்கு மருத்துவராக இருந்த ஒருவர் பல்லாண்டு காலம் அவர்களுக்குக் கொடுமை இழைத்தார். 2018இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது 150க்கு மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் தம் துயரை எடுத்துரைத்தனர். அவர்களிற் பலர் சிறு வயதிலேயே முறையிட்டவர்கள், பெரியோர் செவிசாய்க்கவில்லை. பதக்கம் வரும் வரை வாய்மூடு என்னும் மனப்பான்மையே அங்கே காவலைக் குலைத்தது. நம் பாடசாலைகளில் வெளியூர்ப் போட்டிக்குச் செல்லும்போது ஆசிரியை ஒருவர் உடன்செல்வது கட்டாயமாதல் வேண்டும். தனியறையில் தனிப்பயிற்சி என்பது வேண்டா. இடர் நேரின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கும் 1929 என்னும் எண் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாதல் வேண்டும்.

மனத்தின் சுமையும் உடலின் சுமைக்குக் குறைந்ததன்று. உலகின் தலைசிறந்த உடற்சாகச வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2021இல் தோக்கியோ ஒலிம்பிக்கின் நடுவே, தம் மனமும் உடலும் ஒத்திசையவில்லை எனக் கூறிப் பல போட்டிகளிலிருந்து விலகினார். இகழ்ந்தோரும் இருந்தனர். 2024இல் பாரிஸ் நகரில் மீண்டு வந்து மூன்று தங்கம் வென்றார். நின்று இளைப்பாற இடமளித்தமையால் அவர் திரும்பி வந்தார். நம் பிள்ளைகளுக்கு இவ்விடம் உண்டா? பதினாறு வயதிற் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை, அதே ஆண்டில் மாகாணப் போட்டி, மாலையிற் தனியார் வகுப்பு, வீட்டில் தம்பி தங்கையரைப் பார்க்கும் பொறுப்பு. பரீட்சையிற் குறைந்தால் விளையாட்டைப் பழிப்பர். போட்டியில் தோற்றால் படிப்பைப் பழிப்பர். இரு தட்டுகளுக்கும் நடுவே துலாக்கோலின் முள்ளாய் நடுங்குபவள் அப்பிள்ளை. பயிற்சியால் தவறிய பாடத்தை ஓய்வு வேளையில் கற்பிக்க முன்வரும் ஓர் ஆசிரியர், அவளுக்குப் பத்துக் கேடயங்களிலும் மேலானவர்.

எஞ்சிய கதை

இனி, தொடக்கத்தில் விட்ட கதைக்கு வருகிறேன். உணவு ஒழுங்கான பின் அம்மாணவி முன்னிலும் விரைவாக ஓடினாள். மறுவருடம் முழங்காலில் அடிபட்டது. சில வாரங்கள் நொண்டி நடந்தாள். போட்டிக்கு அணி புறப்பட்டது. அவள் பெயர் பட்டியலில் இல்லை. அறிவித்தற் பலகையிலிருந்த அவள் படத்தின் மேல் வேறொரு பிள்ளையின் படம் ஒட்டப்பட்டது. போட்டியில்லாத பிள்ளைக்கு உணவெதற்கு என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் முறைவைத்துக் கொணர்ந்த உணவு மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. வகுப்பிற் கடைசி வாங்கில் அமர்ந்தாள். சாதாரணதரப் பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கையில் அவள் வரவும் நின்றது. வரவு இடாப்பில் நாள்தோறும் அவள் பெயருக்கு நேரே குறியிட்டேன். வீடு தேடிச் சென்றேனல்லேன்.

சாந்திக்கு ஒரு பெரிய உலகம் செய்ததை என் சிறிய பாடசாலை ஒரு சிறிய அளவிற் செய்தது. அவளை யாரும் பழிக்கவில்லை, மறந்தோம். மேடையில் ஏற்றத் தெரிந்த நமக்கு, இறங்குபவளின் கையைப் பிடிக்கத் தெரியவில்லை.

ஆதலால் அதிபர்களையும் ஆசிரியர்களையும் யான் வேண்டுவது ஒன்றே. திறமையுள்ள பிள்ளையைக் கண்டால் ஒரு கொப்பி வாங்குங்கள். அதில் அவள் ஓடிய நேரத்தைக் குறிக்கு முன், அவள் காலையில் என்ன உண்டாள், எத்தனை மணிக்கு உறங்கினாள், எங்கே வலிக்கிறது, எப்பாடம் பின்தங்கியது, வீட்டில் யார் நோயுற்றுள்ளார் என்பவற்றைக் குறியுங்கள். அக்கொப்பியை அவள் வெற்றி பெறும்வரை மட்டுமன்று, பாடசாலையை விட்டு நீங்கும்வரை எழுதுங்கள். அவள் காயமுற்ற நாளிலும் தோற்ற நாளிலும் பக்கங்கள் வெறுமையாய் இருத்தலாகாது. உண்மையில் அந்நாட்களின் பக்கங்களே அக்கொப்பியின் பயன்.

சில ஆண்டுகளுக்கு முன் திருகோணமலைச் சந்தையில் அப்பெண்ணைக் கண்டேன். இடுப்பில் ஒரு குழந்தை. கையில் காய்கறிப் பை. என்னை முதலில் அடையாளம் கண்டவள் அவளே. நலம் விசாரித்தாள். என் மனச்சுமையை இறக்க எண்ணி, அன்று காலைக் கூட்டத்திற் படித்த பாட்டை நினைவூட்டினேன்.

அவள் சிரித்தாள். "பாட்டு ஞாபகமில்லை, சேர். நீங்கள் எல்லாரும் கொண்டுவந்து தந்த சோத்துப் பார்சல் ஞாபகமிருக்கு."

விடைபெற்றுச் சென்றாள். நடையில் இன்னும் சிறிது நொண்டல் இருந்தது.